பழகிய மலைக்குப் பையில் எவ்வளவு?

முதன்முறை பர்வதமலை ஏறியபோது என் முதுகில் 9 கிலோ இருந்தது. இரண்டு டார்ச், நான்கு லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், குடை, பிஸ்கட் டப்பாவில் அடைத்த முதலுதவிச் சாமான்கள், அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் ஆறு பேருக்கு. போனது இரண்டே பேர். பத்தாவது முறை போனபோது கையில் ஒரு தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் செல்போன். இடைப்பட்ட காலத்தில் எனக்கு அறிவு கூடிவிடவில்லை. ஒன்பது முறை ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். பையிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பி வந்த பொருளை அடுத்த முறை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். இப்படியே பை இளைத்து இளைத்து, கடைசியில் பையே இல்லை.

பதினோராவது முறை என் மைத்துனனின் செருப்பு வார் அறுந்தது.

நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. மேலே கோயிலில் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு மூன்று மணிக்கு மேல் இறங்கினோம். பாறையில் கடப்பாறைகளை அறைந்து அமைத்த கடப்பாறைப் படிகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் வார் போயிற்று. வெறுங்காலில் நடந்து பழகாதவன். கல்லும் முள்ளும் ஒவ்வோர் அடிக்கும் கணக்குக் கேட்டன. இரண்டரை மணி நேரத்தில் இறங்கும் பாதை ஐந்து மணி நேரம் இழுத்தது. நவம்பர் கடைசியில் நம் பக்கம் சூரியன் 5.40-க்கெல்லாம் போய்விடும். அதன்பின் அரை மணிக்குள் மரத்தடியில் கையே தெரியாது. டார்ச் இல்லை. செல்போனில் பதினெட்டு சதவீதம் சார்ஜ். “மாமா, ஒரே ஒரு ஊக்கு இருந்திருந்தால் போதும்” என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். எட்டே கால் மணிக்கு அடிவாரம் வந்தோம். யாருக்கும் காயமில்லை. ஆனால் இருட்டில் ஒரு கால் மட்டும் பிசகியிருந்தால் இரவு முழுக்க அங்கேதான், ஈரச் சட்டையோடு.

பழகிய மலை நம்மைக் கைவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். புலியும் பாறைச் சரிவும் வேண்டியதில்லை. ஓர் அற்பப் பொருள் கெடுகிறது. அதனால் நேரம் போகிறது. நேரம் போனால் வெளிச்சம் போகிறது. வெளிச்சம் போனால் கால் போகிறது. பையில் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது என்று முடிவு செய்வதுதான். புதிதாக ஏறத் தொடங்கியிருப்பவர்களுக்காக, நான் இப்போது செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். எடுத்துக்காட்டெல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைதான். உங்கள் ஊர் மலையை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: உதவி வர எத்தனை மணி நேரம்?

மலையின் உயரத்தையும் தூரத்தையும் எல்லோரும் கேட்கிறார்கள். பர்வதமலை சுமார் 4,560 அடி. தென்மாதிமங்கலம் வழியாகவும் கடலாடி வழியாகவும் ஏறலாம். இந்த விவரத்தை வைத்துப் பை கட்ட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாதையின் மிக மோசமான இடத்தில் ஒருவரால் நடக்க முடியாமல் போனால், அவரைத் தூக்கிச் செல்ல நான்கு பேர் வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கோ ஆள் இருக்கும் இடத்துக்கோ ஒருவர் நடந்து போக வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். தகவல் போய் ஆள் திரள ஒன்றரை மணி. அவர்கள் ஏறி வர மூன்று மணி. பிறகு தூக்கிக்கொண்டு இறங்க, சாதாரணமாக இறங்குவதைப்போல இரண்டு மடங்கு. சாதாரண வார நாளில் மதியத்துக்குமேல் பர்வதமலை உச்சிக்கு அருகே விழுந்தால் இந்தக் கூட்டல் இரவுக்குள் இழுத்துவிடும். அதே மலை, அதே இடம், பௌர்ணமி நாளாக இருந்தால் பத்து நிமிடத்தில் இருபது பேர் சூழ்ந்துவிடுவார்கள். அதில் மூன்று பேர் எண்ணெய் தேய்த்து உருவிவிடவும் தயாராக இருப்பார்கள். ஆகவே ஒரு மலைக்கு ஒரு பை என்று கிடையாது. நாளுக்கு ஒரு பை.

கூட்டல் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறதா? படிக்கட்டும் கடைகளும் உள்ள கோயில் மலைகள் அப்படித்தான். தண்ணீர், துண்டு, உங்களுக்கான மருந்து போதும். அதற்கு மேல் சுமப்பது அலங்காரம். பொழுது சாய்வதற்குள் உதவி வந்துவிடுமா? அப்படியானால் கீழே சொல்லும் அடிப்பொட்டலம் போதும். இருட்டிய பிறகுதான் வருமா? அடிப்பொட்டலத்தோடு, ஓர் இரவு உட்கார்ந்து கழிக்க வேண்டியதும் சேர வேண்டும். இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: பிரிக்கக் கூடாத பொட்டலம்

இதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் “இன்று இது வேண்டுமா?” என்று கேட்டால் மனம் “வேண்டாம்” என்றே சொல்லும். அதனால் சில பொருள்களை அந்தக் கேள்விக்கே உட்படுத்தக் கூடாது. ஒரு சின்ன நீர்புகாப் பைக்குள் போட்டு, முதுகுப்பையின் அடியில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள், அதுதான் அடிப்பொட்டலம். சமையலறைத் தராசில் என்னுடையதை நிறுத்துப் பார்த்தேன்: 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அரை லிட்டர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கனமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்ல இடமே இல்லை.

அதில் முதலிடம் தலையில் மாட்டும் டார்ச்சுக்கு. கையில் பிடிக்கும் டார்ச் வேண்டாம். இறங்கும்போது இரண்டு கையும் வேண்டும், கடப்பாறையையும் சங்கிலியையும் பிடிக்க வேண்டிய இடத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கியவனின் அனுபவம் இது. செல்போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். வழி தெரியவும் உதவிக்கு அழைக்கவும் இருக்கும் ஒரே கருவியை விளக்காக எரித்துத் தீர்ப்பது, விதைநெல்லைச் சமைப்பது போன்றது. மாற்று பேட்டரி ஒரு ஜோடி சேர்த்து வையுங்கள்.

அடுத்தது விசில். பத்து கிராம், முப்பது ரூபாய். கூவிக் கூவித் தொண்டை கட்டிவிடும், விசிலுக்குக் கட்டாது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவது மலையேறுபவர்களுக்குள் உலகமெங்கும் உள்ள ஆபத்துக் குறி. டார்ச்சை ஆறு முறை அணைத்து ஏற்றினாலும் அதே பொருள். உடன் வருபவர்களுக்கு அடிவாரத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளிடம் கொடுத்தால் அடிவாரத்திலேயே ஊதித் தீர்த்துவிடுவார்கள், பரவாயில்லை.

மூன்றாவது, வெள்ளித்தாள் போர்வை. மடித்தால் கைக்குட்டை அளவு, 50 கிராம் அளவு எடை. தமிழ்நாட்டில் குளிரா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. வியர்வையில் நனைந்த சட்டை, உச்சிக் காற்று, நகர முடியாத நிலை மூன்றும் சேர்ந்தால், ஊரில் மின்விசிறி போட்டுத் தூங்கும் இரவிலும் மலைமேல் பல் அடித்துக்கொள்ளும். அடிபட்டவரை இதில் சுற்றும்போது தரையோடு உடல் ஒட்டாமல் இருக்க அடியிலும் சருகையோ பையையோ போடுங்கள். காற்றைவிடப் பாறைதான் சூட்டை அதிகம் உறிஞ்சும்.

பிறகு சில்லறைச் சாமான்கள். பத்து செண்டிமீட்டர் அகலக் கிரேப் பேண்டேஜ் ஒன்று. பிளாஸ்டர், கொஞ்சம் பஞ்சு, காயத்துக்குப் போவிடோன் களிம்பு. பாரசிட்டமால் நான்கு, ஒவ்வாமைக்குச் செட்டிரிசின் நான்கு. முள் எடுக்கச் சின்ன இடுக்கி. உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மூன்று. ஊக்கு ஆறு, ஊசி நூல், ஐந்து மீட்டர் நைலான் கயிறு, ஒரு பிளேடு. கடலைமிட்டாய் 150 கிராம், தின்பதற்கில்லை, மாட்டிக்கொண்டால் மட்டும். இந்தக் கடைசி விதியை நான் மூன்று முறை மீறியிருக்கிறேன், ஆகவே இப்போது பிடிக்காத ரகத்தை வாங்கி வைக்கிறேன்.

பொட்டலத்துக்கு வெளியே, தோளில் ஒரு துண்டு. விளையாட்டுச் சாமான் கடையில் நூறு பொருள் விற்கிறார்கள், நம் ஈரிழைத் துண்டுக்கு ஈடாக ஒன்றைக் காணவில்லை. வெயிலுக்குத் தலைப்பாகை, தேனீக்கு முகமூடி, ஒடிந்த கைக்குத் தூளி, ரத்தத்துக்கு அழுத்தும் துணி, கலங்கிய தண்ணீருக்கு வடிகட்டி, நனைத்துக் கழுத்தில் போட்டால் குளிர்ச்சி. கூடவே ஒரு கம்பு. அடிவாரத்தில் வாங்கிக்கொள்ளலாம், இறங்கும்போது முட்டிக்கு அதன் அருமை தெரியும்.

மூன்றாம் படி: தண்ணீர்

கனமான பொருள் இதுதான், குறைக்கத் தூண்டும் பொருளும் இதுதான். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்குங்கள். உங்கள் உடம்பு கூடவோ குறையவோ கேட்பது இரண்டு மூன்று பயணங்களில் தெரிந்துவிடும். ஏற மூன்றரை, இறங்க இரண்டரை என்று ஆறு மணி நேரம் போனால் மூன்று லிட்டர். அதில் அரை லிட்டரைத் தனிப் பாட்டிலில் போட்டு, அடிவாரம் தெரியும்வரை தொடாதீர்கள்.

சுனை இருக்கிறதே, மேலே கடை இருக்கிறதே என்பார்கள். பங்குனியில் சுனை வற்றியிருக்கும். வார நாளில் கடை மூடியிருக்கும். உங்கள் கண்ணால் கடந்த இரண்டு வாரத்துக்குள் பார்க்காத தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுனைத் தண்ணீரைக் குடித்தே ஆகவேண்டிய நிலைக்குக் குளோரின் மாத்திரை இரண்டு வைத்துக்கொள்ளலாம். துண்டில் வடிகட்டி, மாத்திரை போட்டு, அட்டையில் எழுதியிருக்கும் நேரம் காத்திருந்து குடியுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் நல்லது அல்ல, கெடுதல். சுமார் 21 கிராம் பொடியில் உப்பு, குளுக்கோஸ், பொட்டாசியம், சிட்ரேட் எல்லாம் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவில் இருக்கின்றன. டப்பாவில் வரும் பழச்சுவைப் பானங்கள் அதற்கு மாற்று அல்ல. பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். பாக்கெட் இல்லையென்றால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ போதும், ஆனால் மோர் மதியத்துக்குள் புளித்துப் பாட்டில் மூடியைத் தள்ளும்.

உடன் வருபவர் உளறத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது களைப்பு அல்ல. நிழலில் படுக்கவைத்து, இருக்கும் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிற வேண்டும், உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நான்காம் படி: இந்த மாதம் என்ன செய்யும்?

மலை ஒன்றுதான், மாதம் பன்னிரண்டு. அடிப்பொட்டலத்தின் மேல் என்ன சேர வேண்டும் என்று சொல்வது பருவம்.

மாசி முதல் சித்திரை வரை தீ. குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் பையில் வேறு என்ன இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். விடை: ஒன்றும் இல்லை. காய்ந்த புல் சரிவில் காற்றோடு மேலேறும் தீயை எந்தப் பொருளும் நிறுத்தாது. அந்த மாதங்களில் வனத்துறை மூடிய பாதைக்குப் போகாமல் இருப்பதுதான் உபகரணம். வெளிநாட்டுப் பட்டியல்களில் தீப்பெட்டியும் தீமூட்டியும் கட்டாயப் பொருளாக இருக்கும். அதை அப்படியே பின்பற்றாதீர்கள். பனி பெய்யும் நாட்டுக்கு அது சரி. நம் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம், இலையுதிர் காட்டில் அது பைத்தியக்காரத்தனமும்கூட. கோயிலில் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டி கொண்டுபோகிறவர்கள் அதைக் கோயிலுக்குள் மட்டும் திறக்கட்டும்.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை. காலையில் நீலமாக இருந்த வானம் மூன்று மணிக்குக் கருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பதுக்குள் இடி கேட்டால் உச்சியிலும் முகட்டிலும் நிற்கக் கூடாது, தனி மரத்தடியிலும் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டும் நிற்கவே கூடாது. ஓடை குறுக்கிடும் மலைகளில் வேறோர் ஆபத்து: உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக வரும். சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். இதற்குக் கயிறு கொண்டுபோகச் சொல்வார்கள். பழகாதவர் கையில் கயிறு இருந்தால் கடக்கக் கூடாத ஓடையைக் கடக்கும் தைரியம்தான் வரும். அதைவிட, இக்கரையிலேயே ஓர் இரவு உட்காரும் சாமான் இருக்கட்டும்: மழைச்சட்டை, உலர்ந்த பனியன் ஒன்று, கொஞ்சம் கூடுதல் தீனி.

ஐப்பசி, கார்த்திகை நம் பக்கத்து மலைகளுக்கு மழைக்காலம், பொழுதும் சீக்கிரம் சாயும். ஜூலையில் 6.40 வரை கிடைக்கும் சூரியன் நவம்பரில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. மழைச்சட்டையோடு வழுக்காத செருப்போ காலணியோ தேவை. தேய்ந்த அடி கொண்ட காலணியைவிட வெறுங்கால் மேல். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மழைக்காலத்தில் போனால் அட்டை. உப்பை ஒரு துணி முடிச்சில் கட்டி நனைத்து வைத்துக்கொண்டு தொட்டால் விழுந்துவிடும். அதற்கு மேல் அட்டையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை, ரத்தம் கொஞ்ச நேரம் ஒழுகும், அவ்வளவுதான்.

இந்த எச்சரிக்கையெல்லாம் புதியதல்ல. பர்வதமலைதான் பழைய நவிரமலை என்பார்கள். அந்த மலைநாட்டு மன்னன் நன்னனைக் காணப் போகும் கூத்தர்களுக்குச் சங்கப் புலவர் ஒருவர் வழி சொல்கிறார்: பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்த பிறகு நடங்கள், குழிகளில் பாம்பு உண்டு, தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் வரும், பார்த்துப் போங்கள், பாசி படிந்த இடம் வழுக்கும். இருட்டில் நடக்காதே, பொழுது புலரக் காத்திரு என்பதைத்தான் நானும் ஒரு செருப்பு வார் கொடுத்துக் கற்றேன்.

ஐந்தாம் படி: யார் வருகிறார்கள்?

தனியாகப் போனால் பொட்டலம் முழுமையாக வேண்டும், ஏனென்றால் உதவிக்கு நடந்து போக ஆள் இல்லை. நான்கு பேர் போனால் நான்கு முதலுதவிப் பை தேவையில்லை. ஆனால் தண்ணீர், டார்ச், விசில் மூன்றும் ஆளுக்கு ஒன்று. “அவரிடம் இருக்கிறது” என்று சொல்லப்படும் பொருள், அவர் முன்னால் போய்விட்டால் இல்லாத பொருள்தான்.

கிளம்பும் முன் கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு யாருக்காவது உண்டா? ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுபவரிடம் வெல்லமோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். வெள்ளியங்கிரியில் 2024 பருவத்தில் பலர் மூச்சுத் திணறியும் மயங்கியும் இறந்த பிறகு, இதயக் கோளாறும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. நெஞ்சு அடைக்கிறது என்று ஒருவர் சொன்னால் “வாயுவாக இருக்கும்” என்று சோடா தேடாதீர்கள். உட்காரவையுங்கள், ஏறுவதை அத்தோடு நிறுத்துங்கள்.

ஆறாம் படி: எதை விட்டுவிடுவது?

கூடுதல் சுமையும் ஆபத்துதான். கனமான பை முட்டியை வாங்கும், வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தால் மறுபடி இருட்டு. பயன்படுத்தத் தெரியாத பொருளை எடுத்துப் போகாதீர்கள் என்பதே என் அளவுகோல்.

பாம்புக்கடிக்கென்று விற்கும் உறிஞ்சும் கருவி முதலில் குப்பைக்குப் போகட்டும். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கேடு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான் மருத்துவமனையில் போடுகிறார்கள். அதற்கான நஞ்சில் பெரும்பங்கை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. எந்தப் பாம்பு என்று தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. கடிபட்ட காலில் கம்பை வைத்துக் கிரேப் பேண்டேஜால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசு கழற்றி, தூக்கிக்கொண்டு இறங்குவதுதான் முதலுதவி. ஆக, பாம்புக்கான உபகரணம் உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கிறது: டார்ச், கம்பு, கணுக்காலை மூடும் காலணி.

தேனீக்கு எதிரான சாமான் என்றும் ஒன்று இல்லை. பாறை விளிம்பில் தொங்கும் மலைத்தேனடையைக் கலைக்காமல் இருக்க வேண்டும்: வாசனைத் தைலம், புகை, கூச்சல், கல்லெறி கூடாது. கலைந்துவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று கையை வீசாதீர்கள். கொடுக்கை எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள். முகம் வீங்கி மூச்சு இறுகினால் மாத்திரை போட்டுக் காத்திருக்க நேரமில்லை, மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கும் இந்தப் பத்தி பொருந்தும். என் பட்டியலில் வீட்டில் விட்டுவிட வேண்டிய முதல் சாமான் அதுதான்.

பெரிய கத்தி, தடித்த கயிறு, கூடாரம் எல்லாம் ஒருநாள் மலைக்கு வேண்டாம். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையும் வேண்டாம். குரங்கு பறிக்கும், பறிக்கும்போது நீங்கள் படியில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

ஏழாம் படி: எடை இல்லாத உபகரணங்கள்

திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். சூரியன் மறையும் நேரத்திலிருந்து இறங்கும் நேரத்தையும், அதற்கு மேல் ஒரு மணி நேரத்தையும் கழியுங்கள். நவம்பரில் 5.40 என்றால், இரண்டரையும் ஒன்றும் போக, 2.10. அந்த நேரத்தில் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எந்த வழியாக ஏறுகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு அழைப்போம், அழைக்காவிட்டால் எத்தனை மணிக்கு யாரைத் தேட வேண்டும். “மலைக்குப் போகிறேன்” என்பது தகவல் அல்ல. அந்த நவம்பர் இரவில் என் மனைவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; எந்தப் பக்கம் இறங்குவோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

செல்போனை ஏறத் தொடங்கியதும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி சாகிறது. முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாமலும் இருக்கும் இடம் தெரியும். ஆபத்தில் 112, ஆம்புலன்சுக்கு 108. உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் 112 கிடைக்கலாம். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் மெலிந்திருந்தால் குறுஞ்செய்தி அனுப்புங்கள், அது நழுவிப் போய்ச் சேரலாம்.

காப்புக்காட்டுக்குள் போகும் பாதை என்றால் அனுமதியும் பாதுகாப்புச் சாமான்தான். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் தொடக்கத்தில் 40 பாதைகள் இருந்தன. இணையத்தில் பதிந்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். யானைக்கு எதிராக உங்கள் பையில் வைக்கக்கூடிய பொருள் எதுவும் கடையில் இல்லை.

எட்டாம் படி: திரும்பி வந்த இரவு

குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும் முன் பையைக் கொட்டுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் அடுத்த பயணம்வரை அப்படியே கிடக்கும். எடுத்ததை நிரப்புங்கள், மாத்திரைப் பட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். டார்ச்சில் ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு வையுங்கள், பைக்குள் அழுந்தித் தானாக எரிந்து தீராது. ஏறும் அன்று காலையில் நேராக்கிக்கொள்ளுங்கள்.

பொட்டலத்துக்குள் மடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன். போன தேதி, குடித்த தண்ணீர், ஏறிய நேரம், இறங்கிய நேரம், இல்லாமல் தவித்தது எது என்று நான்கைந்து சொல். பயன்படாத பொருளை அதில் எழுதுவதில்லை. அதை எழுதப் போய்த்தான் பை இளைத்தது. போன மாதப் பதிவு: இரண்டே முக்கால் லிட்டர், ஊக்கு இரண்டு குறைகிறது. ஒன்று, வழியில் பார்த்த ஒரு பாட்டியின் பை வாருக்கு. இன்னொன்றை மைத்துனன் வாங்கித் தன் சட்டைக் காலரில் குத்திக்கொண்டான், இன்னும் திருப்பித் தரவில்லை.